ரயில் போன பாதையில் ஒரு நாள்



மேட்டுப்பாளையம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? "ஊட்டி மலை ரயில்!" என்று கோரஸாகச் சொல்வீர்கள். அது கோவைப் பக்கத்து மேட்டுப்பாளையம். நான் இருப்பது புதுச்சேரி மேட்டுப்பாளையம். எங்கள் ஊரில் தொழிற்பேட்டை உண்டு. வரிசை வரிசையாக லாரிகள் உண்டு. ரயில் நிலையம் மட்டும் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமானால் வில்லியனூருக்கோ புதுச்சேரி நிலையத்துக்கோதான் போக வேண்டும்.

ரயிலே இல்லாத ஊர்க்காரியான நான், ஒரே நாளில் ரயில் பாதையில் 21 கி.மீ. நடந்திருக்கிறேன். நம்புவீர்களா?

"ஐயோ டீச்சர், தண்டவாளத்தில் நடக்கலாமா?" என்று கேட்கிறீர்களா? சபாஷ்! நல்ல கேள்வி. ரயில் ஓடும் பாதையில் நடக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து. சட்டப்படி குற்றமும்கூட. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், அத்துமீறி நுழைபவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

நான் நடந்தது ரயில் ஓடாத பாதையில். அது இருப்பது சிங்கப்பூரில்.

தண்டவாளம் எங்கே போயிற்று?

என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது அங்கே போயிருந்தேன். என் பேத்தி கயலுக்கு 11 வயது. "பாட்டி, ரயில் பாதையிலே முழுசா ஒரு நாள் நடக்கலாமா? உங்களாலே முடியுமா?" என்று கேட்டாள். 35 வருடம் வகுப்பறையில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவளைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஓ, முடியுமே!" என்றேன்.

முதலில் அந்தப் பாதையின் கதையைக் கேளுங்கள்.

சிங்கப்பூருக்கு ரயில் வந்தது 1903இல். பிறகு 1932இல் பாதையை வேறு பக்கமாகத் திருப்பிப் புதிதாகப் போட்டார்கள். தெற்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் தஞ்சோங் பகார் என்ற இடத்தில் பெரிய ரயில் நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து கிளம்பும் ரயில், தீவின் வடக்கு முனையில் உள்ள உட்லண்ட்ஸைத் தாண்டி, கடலின் குறுக்கே போட்ட கரை வழியாக மலேசியாவுக்குப் போகும்.

சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்த ரயில் பாதை மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தது. பிறகு இரு நாடுகளும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. அதை ஓட்டியவர் யார் தெரியுமா? மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து சுல்தான்! வழி நெடுக மக்கள் நின்று கையசைத்து வழியனுப்பினார்கள். தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்து மலேசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நினைவுக்காகச் சில இடங்களில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தார்கள்.

மிஞ்சியது என்ன? 24 கி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்றுப் பாதை.

சிங்கப்பூர் மிகச் சிறிய நாடு. நம் புதுச்சேரி மாவட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்குதான் அதன் பரப்பு. அங்கே ஒரு சாண் நிலமும் தங்கம் மாதிரி. அப்படியிருந்தும் அந்தப் பாதையைத் துண்டு போட்டு விற்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது நடக்கலாம், வாருங்கள்!

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை

காலை 7 மணி. அங்கே சூரியன் உதிப்பதே அந்த நேரத்தில்தான். வடக்கே கிராஞ்சி என்ற இடத்தில் நடையைத் தொடங்கினோம். எங்கள் இலக்கு தெற்கே உள்ள ஸ்பூனர் ரோடு. இடையில் சுமார் 21 கி.மீ. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, குடை, இட்லிப் பொட்டலம். என் காலில் மகன் வாங்கித் தந்த புத்தம் புது ஷூ.

தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது புல்லும் கெட்டித்த மண்ணும். இரண்டு பக்கமும் மரங்கள். முன்பு லெவல் கிராசிங் இருந்த இடங்களில் மட்டும் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் நடந்தும் எனக்கு மூச்சு வாங்கவில்லை.

"பாட்டி, பாதை எப்படி இவ்வளவு சமமா இருக்கு?" என்று கேட்டாள் கயல்.

நல்ல கேள்வி அல்லவா? ரயிலின் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டும் வழுவழுப்பு. செங்குத்தான மேட்டில் சக்கரம் வழுக்கும். அதனால் ரயில் பாதை போடுபவர்கள் மேடு வந்தால் வெட்டுவார்கள். பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி உயர்த்துவார்கள். சாதாரணப் பாதைகளில் 100 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுவதே பெரிய ஏற்றம்தான்.

உங்களுக்குத் தெரிந்த மேட்டுப்பாளையம் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏறத்தாழ 12 மீட்டர் போனாலே ஒரு மீட்டர் ஏறியாக வேண்டும். அதனால்தான் அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் வைத்த தண்டு இருக்கிறது. எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது.

சிங்கப்பூர் பாதைக்குப் பல் தேவைப்படவில்லை. அன்று ரயிலுக்காகச் சமப்படுத்திய பாதை, இன்று வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் சுகமாக இருக்கிறது!

கப்பலேறிப் போனவர்

சமப்படுத்தியது யார்? அதையும் கயலுக்குச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ரயில் பாதை போடக் காடு வெட்டியவர்களிலும், மண் சுமந்தவர்களிலும், ஜல்லி கொட்டியவர்களிலும் நம் தமிழர்கள் ஏராளம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனார்கள். யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள்.

என் ஆயாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரும் அப்படிக் கப்பலேறிப் போனவர்தான். "ரோடு போடற வேலை இல்லை, ரயிலு போடற வேலை" என்று ஆயா பெருமையாகச் சொல்வார். கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம். பிறகு உலகப் போர் வந்தது. கடிதம் நின்றுவிட்டது. அண்ணன் திரும்பி வரவே இல்லை. கடைசிவரை, தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் ஆயா வாசலுக்கு வந்துவிடுவார். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"அவரு இந்தப் பாதையிலேதான் வேலை செஞ்சாரா பாட்டி?" என்றாள் கயல்.

"அது யாருக்கும் தெரியாது கண்ணு. இங்கேயும் இருக்கலாம், மலேசியாவிலே வேறே எங்கேயாவதும் இருக்கலாம். ஆனா இவரை மாதிரி ஆளுங்கதான் இதையெல்லாம் போட்டாங்க."

அதன்பிறகு கொஞ்ச தூரம் அவள் பேசவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

இருவாச்சியும் இரும்புப் பாலமும்

புக்கிட் பாஞ்சாங், ஹில்வியூ என்று ஊர்கள் கடந்தன. பக்கத்து ரோட்டில் பழைய ஃபோர்டு கார்த் தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயப் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். இப்போது அது ஒரு கண்காட்சிக் கூடம்.

அதைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் புக்கிட் தீமா காடு. சிங்கப்பூரின் உயரமான மலை அதில்தான் இருக்கிறது. உயரம் 163 மீட்டர்! கேட்டதும் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது மழைக்காடு. நீண்ட வால் குரங்குகள், பறக்கும் லெமூர், அலங்கு எனப்படும் எறும்புத்தின்னி எல்லாம் அங்கே வாழ்கின்றன.

திடீரென்று கயல் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மரக்கிளையில் ஓர் இருவாச்சிப் பறவை! பெரிய அலகு, அதன்மேல் தலைக்கவசம் மாதிரி ஒரு புடைப்பு. வால்பாறைப் பக்கத்துக் காடுகளில் உள்ள பெரிய இருவாச்சியைவிட இது சிறியது. எங்களைப் பார்த்தது. சற்று யோசித்தது. 'போங்கள், எனக்கென்ன' என்பதுபோல் திரும்பிக்கொண்டது.

ரயில் பாதை வழியாகப் பறவைகளும் விலங்குகளும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகின்றன. நகரத்தின் நடுவே அவற்றுக்கு அது ஒரு பச்சைத் தெரு.

புக்கிட் தீமாவில் ரோட்டுக்கு மேலே இரண்டு பழைய இரும்புப் பாலங்கள் இருக்கின்றன. குறுக்கும் நெடுக்குமாக முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்கள். ஏன் முக்கோணம்? நாலு குச்சியை ஆணியடித்துச் சதுரம் செய்து ஒரு பக்கம் அழுத்திப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள், அசையாது. இரும்புப் பாலத்தின் பலம் அதில்தான் இருக்கிறது.

மோதாமல் காத்த வளையம்

பாதி வழிக்குப் பக்கத்தில் புக்கிட் தீமா ரயில் நிலையம் வந்தது. 1932இல் கட்டிய குட்டியூண்டு நிலையம். பழுது பார்த்து, 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பக்கத்திலேயே கொஞ்சம் தண்டவாளத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

கயலின் பையில் தையல் டேப் இருந்தது. "அளந்து பாரு" என்றேன். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். மீட்டர் கேஜ்! நான் சிறுமியாக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் போனதும் இதே மீட்டர் கேஜ் ரயில்தான். இப்போது அது அகலப் பாதையாகிவிட்டது. அந்தத் தண்டவாளத்தைத் தொட்டபோது, எனக்கு விழுப்புரம் போவது போலவே இருந்தது.

இந்த நிலையத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. பாதை ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்க ஒரு எளிய ஏற்பாடு இருந்தது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே போக 'டோக்கன்' என்று ஒன்று வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டோக்கனைத்தான் கருவியிலிருந்து எடுக்க முடியும். அதை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இருந்தால் மட்டுமே ரயில் போகலாம். ஓடும் ரயிலிலிருந்து கையை நீட்டி வளையத்தை லாகவமாக வாங்குவார்கள். புக்கிட் தீமாவில் 2011 வரை இப்படித்தான் நடந்தது.

நான் செய்த தப்பு

நிலையத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தோம். ஷூவைக் கழற்றினேன். வலது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் குழந்தைகளே. இரண்டு மணி நேரமாகவே எரிந்துகொண்டிருந்தது. 'முடியும்' என்று ரோஷமாகச் சொல்லிவிட்டேனே, பேத்தியிடம் எப்படி வலிக்கிறது என்பது என்று மறைத்துவிட்டேன். புது ஷூவை நீண்ட நடைக்குப் போட்டது முதல் தப்பு. வலியை மறைத்தது இரண்டாவது தப்பு. இரண்டாவதுதான் பெரிய தப்பு.

கயல் கோபித்துக்கொண்டாள். "ஏன் பாட்டி முன்னாடியே சொல்லலே? சொல்லியிருந்தா அப்பவே பிளாஸ்திரி போட்டிருக்கலாமே!" டீச்சருக்கே டீச்சர்!

தோல் திரும்பத் திரும்ப உராய்வதால் மேல்தோல் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். அந்த நீர், அடியில் உள்ள தோலைக் காக்கும் மெத்தை. அதைக் குத்தி உடைக்கக் கூடாது. சுத்தமாகத் துடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"இங்கேயே நிறுத்திடலாம் பாட்டி. பஸ்ஸிலே போயிடலாம்" என்றாள்.

நான் யோசித்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. பாதியில் நிறுத்துவது அவமானமும் இல்லை. ஆனால் ஆயா வாசலில் நிற்பது என் கண் முன்னால் வந்தது. "பையில் செருப்பு இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு மெதுவா நடக்கறேன். வலி அதிகமானா உடனே சொல்லிடறேன். இந்த முறை மறைக்க மாட்டேன்" என்றேன். அதற்கும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அரை மணிக்கு ஒரு தடவை உட்கார வேண்டும். வேகத்தைப் பேத்திதான் தீர்மானிப்பாள். ஒப்புக்கொண்டேன்.

இருட்டாகி, வெளிச்சமாகி...

அதன்பிறகு நடை ஆமை வேகம்தான். பியூனா விஸ்தா பக்கம் பாலங்களுக்கு அடியில் சுவரெல்லாம் வண்ண ஓவியங்கள். குவீன்ஸ்வே பக்கம் வந்தபோது கயலுக்கு ஒன்று சொன்னேன். 1930களில் இந்தப் பகுதி ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாள ஓரத்தில் முனீஸ்வரனுக்குச் சின்னதாக ஒரு கோயில் கட்டினார்கள். அது பிறகு இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்கள் சாமியையும் கூடவே அழைத்து வந்துவிட்டார்கள்!

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சிங்கப்பூரில் மத்தியானம் இடி மழை சர்வ சாதாரணம். இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்கக் கூடாது என்று உங்களுக்குப் பாடத்தில் உண்டல்லவா? ஒரு மேம்பாலத்தின் அடியில் முக்கால் மணி நேரம் ஒதுங்கினோம். மழை விட்டதும் மறுபடி நடை.

மாலை 5 மணிக்கு ஸ்பூனர் ரோடு. முன்பு ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பு இருந்த இடம். கயலின் கணக்குப்படி ஏறத்தாழ 35,000 காலடிகள்!

அவள் குனிந்து, ஓரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லைத் தொட்டாள். எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். போடவில்லை. "வேண்டாம் பாட்டி. அந்தத் தாத்தா போட்டதா இருந்தா, அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

எனக்குக் கால் வலி மறந்துபோயிற்று.

யார் காப்பாற்றினார்கள்?

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருவோம். தங்கம் மாதிரி நிலத்தை ஏன் விற்கவில்லை?

ரயில் நிற்பதற்கு முன்பே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். 'பாதை முழுவதையும் அறுக்காமல் பசுமை வழியாக வைத்திருங்கள்' என்று கேட்டார்கள். ரயில் நின்றதும் 2011 ஜூலையில், தண்டவாளத்தை எடுப்பதற்கு முன்பு, இரண்டு வாரத்துக்கும் மேல் மக்களை அந்தப் பாதையில் நடக்க அனுமதித்தார்கள். மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நடந்து பார்த்தவர்களுக்கு அது தங்கள் பாதை ஆகிவிட்டது. அரசாங்கமும் காது கொடுத்துக் கேட்டது.

'அறுக்காமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு வேட்டியின் நடுவில் ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டால், மீதி இரண்டும் வேட்டி இல்லை, துண்டுதான்! பாதையும் அப்படியே. நடுவில் ஒரு கட்டடம் வந்துவிட்டால் மனிதரும் போக முடியாது, எறும்புத்தின்னியும் போக முடியாது. பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் அதை ஒட்டவைப்பது கடினம். அதனால்தான் அறுபடும் முன்பே கேட்க வேண்டும். அவர்கள் கேட்டார்கள்.

நம் ஊரிலும் கவனியுங்கள். பழைய ரயில் பாதை, ஏரிக்கரை, வாய்க்கால் கரை, கோயில் குளத்துக்குப் போகும் நடைபாதை என்று எத்தனையோ இருக்கும். தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: "நீங்க சின்ன வயசிலே எந்த வழியா நடந்தீங்க? அந்த வழி இப்பவும் இருக்கா?" பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்களோடு போய், பத்திரமான வழியாக இருந்தால் ஒருமுறை நடந்தும் பாருங்கள்.

ஷூ மட்டும் பழசாக இருக்கட்டும்!

உலகில் இன்னும் சில

* பிரான்ஸின் பாரிஸ் நகரில், பாஸ்டில் பகுதியிலிருந்து கிளம்பிய பழைய ரயில் பாதையின் மேல் 4.7 கி.மீ. நீளப் பூங்கா இருக்கிறது. கொஞ்ச தூரம் அது வளைவுப் பாலத்தின் மேலேயே போகிறது. திறந்தது 1993இல்.

* அமெரிக்காவின் நியூயார்க்கில், தெருவுக்கு மேலே சரக்கு ரயில் ஓடிய பாதை இப்போது 'ஹை லைன்' என்ற பூங்கா. 2009இல் திறந்தார்கள்.

* அதே நாட்டில் மிசௌரி மாநிலத்தில் உள்ள 'கேட்டி' பாதையின் நீளம் சுமார் 386 கி.மீ. சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருச்சியையும் தாண்டிவிடும் தூரம்!

கணக்குப் போடுங்கள்

பத்து அடி எடுத்து வைத்து, நடந்த தூரத்தை டேப்பால் அளவுங்கள். அதைப் பத்தால் வகுத்தால் உங்கள் ஒரு காலடியின் நீளம் கிடைக்கும். என் காலடி 60 செ.மீ. அதனால் 21 கி.மீ.க்கு 35,000 காலடி. உங்களுக்கு எத்தனை?